மாமா அனுப்பிய எலும்புப் படம்

திருமயம்
22-1-1958

அக்கா மகள் அமராவதிக்கு மாமன் ரத்தினவேல் எழுதிக்கொண்டது. கோட்டை பைரவர் காவலில் நானும் உன் அத்தை அழகம்மாளும் சுகம். நீ திருச்சியில் நர்ஸ் உத்தியோகம் பார்ப்பதில் ஊரே பெருமைப்படுகிறது. பெருமைப்படாத இரண்டு பேரிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனதில் உனக்குக் கோபம் இருக்கும். காரணத்தை உட்கார்ந்துகொண்டு படி. மஞ்சுவிரட்டில் என் வலது கால் ஒடிந்துவிட்டது. எட்டு ஊர் ஆட்கள் கிட்டே போகப் பயந்த செவலைக் காளை அது. அதன் கொம்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தது உன் மாமன். துண்டு கைக்கு வந்த பிறகுதான் கால் ஒடிந்தது என்பதைக் கவனிக்கவும். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு. படித்த டாக்டர் யாராவது பார்த்திருந்தால் மூன்று என்று சொல்லியிருப்பார்.

உன் ஆத்தாவுக்கு இதை எழுதிவிடாதே. அக்கா அழுதுகொண்டே பஸ் ஏறிவிடும். நீ வேளைக்குச் சாப்பிடு. ஆஸ்பத்திரிச் சோறு உப்பில்லாமல் இருந்தால் எழுது, அத்தை ஊறுகாய் அனுப்புவாள்.

காளையை மடக்கிய மாமன்
ரத்தினவேல்

•

திருச்சி
28-1-1958

அன்புள்ள மாமாவுக்கு அமராவதி வணக்கமாக எழுதுவது. நான் நலம். அத்தையின் இருமல் தேவலையா?

கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஒடிந்தபோது தோல் கிழிந்ததா? எலும்பு வெளியே தெரிந்ததா? மண், சாணம் பட்டதா? யார் கட்டுப் போட்டார்கள்? சாயங்காலம் உடம்பு சுடுகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், எலும்பு ஒடிந்தால் அன்றைக்கு வருவது வலி மட்டும்தான். சீழ் பிறகு வரும். ஒரு மாதம் கழித்தும் வரும், ஒரு வருடம் கழித்தும் வரும். தோல் கிழிந்து எலும்பு மண்ணைத் தொட்டிருந்தால் பெரும்பாலும் வந்தே தீரும். எங்கள் வார்டில் இப்போது பதினொரு பேர் அப்படிப் படுத்திருக்கிறார்கள். அதில் எட்டுப் பேர் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தவர்கள்.

ஆத்தாவுக்கு எழுதவில்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அமராவதி

•

திருமயம்
19-2-1958

அமராவதிக்கு மாமன் ஆசீர்வாதம். இங்கு மழை இல்லை, மற்றபடி குறைவில்லை. அத்தையின் இருமல் நின்றுவிட்டது. அது என்னைத் திட்டுவதற்குத் தடையாக இருந்தது.

உன் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில். தோல் கிழியவில்லை. நம் வம்சத்துத் தோல் அப்படிக் கிழியாது. சாணம் பட்டது, காளை நிற்கிற இடத்தில் பன்னீரா தெளித்திருப்பார்கள். உளுந்தும் முட்டையும் கலந்து பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார் நம்மூர் வைத்தியர். கட்டும்போது நான் முனகக்கூட இல்லை என்று அவரே ஆச்சரியப்பட்டார். காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. நீ சொல்லும் அந்தப் பதினொரு பேரையும் என்னிடம் அனுப்பு, தைரியம் சொல்லித் தருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை குடுமியான்மலைக்குப் போய் வந்தோம். சங்கீத ஸ்வரம் வெட்டியிருக்கும் பாறையைப் படித்து நாலு வரி பாடிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற வாத்தியார் ஒருவர் பேச்சு வராமல் நின்றுவிட்டார். மலை உச்சிக்கு ஏறி இறங்கியதில் அத்தைக்குத்தான் மூச்சு வாங்கியது. எனக்கு ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி டூட்டி அதிகம் வாங்காதே.

மாமன்
ரத்தினவேல்

•

திருச்சி
24-2-1958

மாமாவுக்கு வணக்கம். சுகமாக இருக்கிறேன். அத்தை மூச்சு வாங்காமல் இருக்க வேண்டுகிறேன்.

ஒடிந்த இருபத்தொன்பதாம் நாள் மலை ஏறி இறங்கிய காலை எங்கள் டாக்டர் சவரியப்பன் பார்க்க ஆசைப்படுகிறார். முப்பது வருடத்தில் அப்படி ஒரு கால் அவரிடம் வந்ததில்லையாம். நான் வார்டில் இதைச் சொன்னபோது படுத்திருந்தவர்களே சிரித்தார்கள்.

மாமா, கால் ஒடிந்ததா, பிசகியதா? ஒடிந்தது என்றால் எக்ஸ்ரே படம் எடுத்து அனுப்புங்கள். டாக்டரிடம் காட்டுகிறேன். படம் இல்லை என்றால் இந்த விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாம். பொங்கலுக்கு வராததற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை. தைப்பூசத்துக்கும் வராததற்குத்தான் கோபம்.

அமராவதி

•

திருமயம்
17-3-1958

அமராவதிக்கு மாமன் எழுதுவது. சுகத்துக்குப் பஞ்சமில்லை.

கேட்ட படம் இத்துடன் வருகிறது. பஸ் கண்டக்டர் கண்ணுசாமியிடம் அட்டைக்கு நடுவே வைத்துக் கொடுத்திருக்கிறேன். மடங்கினால் அவன் வேலை போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன். புதுக்கோட்டையில் எடுத்தது. இவ்வளவு உறுதியான எலும்பை இந்த மெஷின் பார்த்ததில்லை என்று எடுத்தவர் சொன்னார். ஒடிந்த இடம் எப்படிப் பருத்துக் கெட்டியாகச் சேர்ந்திருக்கிறது பார். வேலமரத்துக் கணு மாதிரி இருக்கிறது. சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் காட்டு. டாக்டர் சவரியப்பனுக்கு முதலில் காட்டு.

படத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பவும். இங்கே தேவைப்படும்.

உறுதியான எலும்பு உடைய
ரத்தினவேல்

•

திருச்சி
20-3-1958

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம் விசாரிக்கக் கை ஓடவில்லை. சிரித்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

படத்தை டாக்டர் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒடிந்த இடத்தில் ஒரு துண்டு எலும்பு மற்றதைவிட வெள்ளையாகத் தெரிகிறது. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு. உயிருள்ள எலும்பை விடச் செத்த எலும்பு படத்தில் வெள்ளையாகத் தெரியும் மாமா. அந்தத் துண்டு செத்துப்போய்த் தனியாகக் கிடக்கிறது. நீங்கள் வேலமரத்துக் கணு என்று எழுதினீர்களே, அது உடம்பு அந்தத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்ட புது எலும்பு. உள்ளே சீழ் இருக்கிறது. காய்ச்சல் இல்லாமலும் இருக்கும், நடக்க முடிந்தாலும் இருக்கும். விட்டுவைத்தால் எலும்பு முழுதும் பரவும். அப்புறம் காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். இது இரண்டு மாத முறிவு இல்லை, எட்டு ஒன்பது மாதமாவது ஆனது என்றார். மாமா, போன வருடமே ஒடிந்து எங்களிடம் மறைத்தீர்களா? மலை ஏறினேன் என்று எழுதியதெல்லாம் வலியை மறைக்கவா?

முழங்காலுக்குக் கீழே முன்புறம் சின்னத் துவாரம் இருக்கிறதா பாருங்கள். மூடுவது போல் மூடித் திறந்து திறந்து நீர் கசியும். இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பஸ் ஏறுங்கள். அத்தையிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். நீங்களாக மாற்றி வாசிக்கக் கூடாது.

அமராவதி

•

திருச்சி
7-4-1958

மாமாவுக்கு,

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. ஒவ்வொரு பஸ்ஸும் வரும் நேரத்துக்கு வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். வார்டில் யாருக்குக் கட்டு அவிழ்த்தாலும் உங்கள் கால்தான் நினைவுக்கு வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வரவில்லை என்றால் ஆத்தாவுக்கு எழுதிவிட்டு லீவு போட்டு நானே வருகிறேன்.

அமராவதி

•

திருமயம்
11-4-1958

அமராவதிக்கு,

நீ வர வேண்டாம். என் கால் நன்றாக இருக்கிறது. அது ஒடியவே இல்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கிக் காட்டுகிறேன் என்று இறங்கினேன், கணுக்கால் பிசகி நாலு நாள் வீங்கியது. காளை கிடையாது, துண்டு கிடையாது. பஸ் நல்ல வேகம், அது மட்டும் நிஜம்.

படம் செல்லமுத்துவுடையது. உனக்கு அவனைத் தெரியாது. என்னை விடப் பத்து வயது இளையவன், மச்சான் என்றுதான் கூப்பிடுவான். கிணறு வெட்டுகிற கோஷ்டியில் கெட்டிக்கார ஆள். போன வருடம் மாசியில் வெடி வைத்த கல் சரிந்து அவன் கால் ஒடிந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து சகதியில் குத்தி நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கார்த்திகையில் இந்தப் படம் எடுத்து, கட்டாயம் மறுபடி வா என்று சொல்லி அனுப்பினார்கள். காலை ஊன்ற முடிந்ததால் அவன் போகவில்லை. படம் அவன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. ஒரு வாரம் கொடு என்று வாங்கி வந்தேன். நன்றாக நடக்கிறவன் படம், நல்ல படமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே கிணற்றடிக்குப் போனேன். கோட்டைக்குத் தெற்கே ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு வெட்டுகிறார்கள். மத்தியானக் கஞ்சிக்கு மேலே ஏறி வந்தவன் மற்ற ஆட்களோடு சேராமல் தள்ளி உட்கார்ந்தான். முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது.

“அது என்ன மாப்ள துணி?” என்றேன்.

“சொறி மச்சான். கெணத்துத் தண்ணி ஆகலை.”

“அவுத்துக் காட்டு.”

“சொறியை என்னத்தப் பாக்கப்போறீங்க. கஞ்சி குடிக்கிற நேரத்துல.”

நானே அவிழ்த்தேன். உளுந்து அளவுக்குத் துவாரம், சுற்றிலும் கறுத்த தோல். நீ எழுதியிருந்தது அப்படியே இருந்தது. அவன் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தான். உள்ளே மீன்முள் மாதிரி நாலைந்து சில்லு.

“கல்லு மச்சான். அன்னைக்குச் சரிஞ்ச கல்லு உள்ளே போயிருக்கு. ஒண்ணொண்ணா அதுவா வெளிய வருது. பூராம் வந்துட்டா ஆறிப்போகும். பாதி வந்திருச்சு.”

எத்தனையோ கிணற்றில் கல் பார்த்தவன் சொல்கிறான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வெளிய சொல்லிப்புடாதீங்க. குடிதண்ணிக் கெணறு. சீழ் வடியிற காலோட எறங்கினேன்னு தெரிஞ்சா கோஷ்டியில சேக்க மாட்டாங்க. இந்த ஊருன்னு இல்லை, எந்த ஊர்லயும்.”

அதனால்தான் எழுதவில்லை. எழுதினால் என் பொய் தெரியும், அவன் பிழைப்புப் போகும். எழுதாவிட்டால் கால் போகும் என்று நீ எழுதியிருக்கிறாய். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். அத்தைக்குக் கடைசியில் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் என்னை எழுத வைத்தது.

சில்லு ஒன்று காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். கல்லா என்று டாக்டரிடம் கேட்டு எழுது. கல்லாக இருந்தால் நல்லது.

ரத்தினவேல்

•

திருச்சி
14-4-1958

மாமாவுக்கு வணக்கம். இன்று வருஷப் பிறப்பு. அத்தைக்கும் சொல்லுங்கள்.

கல் இல்லை. எலும்பு.

டாக்டர் அதைக் கையில் வாங்கிய உடனே சொல்லிவிட்டார். பாதி வந்துவிட்டது என்று அவர் சொல்கிறாரே, அது அவருடைய கால்தான் வெளியே வந்துகொண்டிருக்கிறது. பெரிய துண்டு தானாக வராது. கீறி எடுக்க வேண்டும். எடுத்துவிட்டுப் பென்சிலின் போட்டுப் பல வாரம் படுக்க வைத்தால் கால் தங்க வாய்ப்பு இருக்கிறது. கோடை முடியும்வரை அந்தச் சகதியில் நின்றால் அந்த வாய்ப்பும் இல்லை. எலும்பு மறுபடியும் அதே இடத்தில் ஒடியும்.

உங்கள் பொய்யைப் பற்றி எனக்குப் பேச நேரமில்லை. பேசினால் அழுதுவிடுவேன். உங்கள் கால் என்று நினைத்து இருபது நாள் நான் தூங்கவில்லை. அந்த அண்ணன் வீட்டில் அப்படித் தூங்காமல் இருக்க வேண்டியவர்களுக்கு விஷயமே தெரியாது. அழைத்து வாருங்கள். எப்படி என்று எனக்குத் தெரியாது. பேசிப் பேசி ஆளை மடக்குவது உங்களுக்குத் தெரியும்.

அவர் இறங்கிய கிணற்றில், குடிக்கத் தண்ணீர் எடுக்கும் முன் கிருமி சாக பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். அதை நான் வாங்கி வைக்கிறேன்.

அமராவதி

•

திருமயம்
26-4-1958

அமராவதிக்கு மாமன் ஆசீர்வாதம். அத்தை சுகம். நான் சுகம் என்று வெளியே சொல்வதற்கில்லை, ஏன் என்று கீழே பார்.

நாலு நாள் அவன் பின்னால் அலைந்தேன். எலும்பு என்றதும் அவன் நம்பவில்லை. “ஒங்க மருமக கெணறு வெட்டியிருக்காளா?” என்றான். ஐந்தாம் நாள் ராத்திரி அவன் பெண்சாதி செவந்திதான் அவனுக்குக் குளிர் கண்டு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று ஓடி வந்தாள். போய் மூன்று கம்பளி போட்டோம். விடிந்ததும் வேலைக்குக் கிளம்புகிறான்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா எதுக்குன்னு கேப்பாங்க மச்சான். என்னத்தச் சொல்ல?”

அப்போது எனக்கு வந்தது யோசனை. “நீ ஏன் சொல்றே, நான் சொல்றேன். எனக்குத்தான் காலு புரையோடிக் கெடக்கு. தனியாப் போக முடியலை. தொணைக்கு நீ வாரே.”

“ஒங்க காலுல சீழுன்னா ஒங்களுக்குத்தான் அசிங்கம்.”

“ஊருக்கு எத்தனையோ சொல்லியாச்சு. இதையும் சொல்லிப்புடுறேன்.”

அன்று சாயங்காலமே மூக்கன் டீக்கடையில் வைத்து அறிவித்துவிட்டேன். மஞ்சுவிரட்டில் ஒடிந்த கால் உள்ளுக்குள் அழுகிவிட்டது என்றேன். ஆளுக்கு ஆள் தள்ளி உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். நான் சொன்ன எதையும் இந்த ஊர் இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். நொண்டிக்கொண்டு இறங்குகிறவன் நான். நேராக நடந்து வருகிறவன் நோயாளி. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வை.

ரத்தினவேல்

•

திருச்சி
21-5-1958

மாமாவுக்கு வணக்கம். ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றீர்கள், எழுதவில்லை. அத்தை நலமா?

ஆபரேஷன் முடிந்துவிட்டது. நீங்கள் இருந்தபோது எடுத்த சீழின் கிருமியை லாபில் வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் செய்தார்கள். அதற்கு முன் டாக்டர் அந்தத் துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார். உள்ளே எதிலோ பட்டு டக்கென்று சத்தம் வந்தது. எனக்கே கேட்டது. செல்லமுத்து அண்ணன் என்னைப் பார்த்து, “நாந்தான் சொன்னேனே தாயி, கல்லு” என்றார்.

எடுத்த துண்டு என் சுண்டுவிரல் நீளம். மயக்கம் தெளிந்த மறுநாள் பார்க்க வேண்டும் என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். “கல்லு இம்புட்டு லேசா இருக்காது” என்றார். அதற்கப்புறம் சாயங்காலம்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

கால் தங்கும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. ஊசி மூன்று வேளை. புண்ணைத் தைக்காமல் உள்ளிருந்து ஆற விட்டிருக்கிறது. செவந்தி அக்கா கூடவே இருக்கிறார். ஒரு வருடத்துக்குக் கிணற்றில் இறங்கக் கூடாது என்பதை அண்ணனிடம் யார் சொல்வது என்று தெரியவில்லை.

அமராவதி

•

திருமயம்
14-9-1958

அமராவதிக்கு மாமன் எழுதுவது. மழை பெய்தது. அத்தை சுகம், நீ அனுப்பிய தைலம் வந்தது. உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்தது சோம்பல்தான், வேறு காரணம் தேடாதே.

செல்லமுத்து ஊர் வந்து மூன்று வாரம் ஆகிறது. துவாரம் மூடிவிட்டது, இதுவரை திறக்கவில்லை. தினமும் பார்க்கிறேன். ஆஸ்பத்திரிப் படியில் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அவன் விழுந்து அவனுடைய பழைய முறிவு விட்டுப்போனது என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் ஆட்கள் அவனை மெச்சுகிறார்கள், என்னைத் திட்டுகிறார்கள். கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார்கள். கீழே இறங்குவதில்லை, மேலே கயிறு பிடிக்கிறான்.

தண்ணீர் வந்ததும் முதல் ஆளாக நீ கொடுத்த பவுடரைப் போட்டேன். என் அழுகிய கால் கிணற்றுப் பக்கம் வந்த பாவத்துக்குப் பரிகாரம் என்று சொன்னேன். அதிலிருந்து பெண்கள் என்னைக் கயிற்றைத் தொட விடுவதில்லை, அவர்களே இறைத்து ஊற்றுகிறார்கள். டீக்கடையில் பெஞ்சு முழுவதும் எனக்கு. அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. “நல்ல காலை வச்சுக்கிட்டு ஏன் நொண்டுறீங்க, சொல்லிப்புடுங்க” என்கிறாள். செல்லமுத்துவும் ஒரு நாள் வந்து, “நானே சொல்லிப்புடுறேன் மச்சான்” என்றான். “சொல்லு, எவன் நம்புறான்னு பாப்போம். நான் நல்லாச் சொல்லி வச்சிருக்கேன்” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

நேற்று மத்தியானம் அந்தப் பக்கம் போனேன். இரண்டாவது கிணறு தோண்டுகிறார்கள். வெயில், நா வறண்டுவிட்டது. ஓரமாகத் தண்ணீர்ச் செம்பு இருந்தது. நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து ஒருவன் அதை எடுத்து நகர்த்தி வைத்தான். செல்லமுத்து பார்த்தான். ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடியே மறுகையால் செம்பை எடுத்து என்னிடம் நீட்டினான். அண்ணாந்துதான் குடிக்கப் போனேன்.

“வாய் வச்சுக் குடிங்க மச்சான்” என்றான்.

குடித்தேன். வாங்கி, நான் வைத்த இடத்திலேயே அவனும் வாய் வைத்து மிச்சத்தைக் குடித்தான். கீழேயிருந்து இழுக்கச் சொல்லிக் குரல் வந்தது, அவன் இரண்டு கையாலும் இழுக்க ஆரம்பித்தான். நான் நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த மாதம் உன் டாக்டர் அவனுக்குப் படம் எடுக்க வேண்டும் என்றாரே, எந்தத் தேதி என்று எழுது. அழைத்து வருகிறேன்.

ரத்தினவேல்